கை தடுக்கும் இடம்

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி பஞ்சு இருக்கும். பேனா இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு. சிங்கப்பூரில் தேக்காப் பக்கம் பூசைச் சாமான் கடைகளில் விளக்குத் திரிக்கென்று வைத்திருப்பார்களே, அந்தப் பஞ்சு. முதல் நாள் அதைப் பார்த்தபோது, பாவம், காது வலி போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

காது வலியெல்லாம் இல்லை. ஃபேரர் பார்க்கில் இருக்கும் என் மூவறை வீட்டின் குளியலறைக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் பதிக்க வந்தவர் அவர். சுவர் வெளிப்பக்கமாகத் திரும்பும் மூலைகளில் டைல்ஸின் வெட்டுமுனை தெரியாமலிருக்க ஓர் அலுமினியப் பட்டை வைப்பார்கள். டிரிம் என்பார்கள். இரண்டு பட்டைகள் சந்திக்கும் இடத்தில் வேலை முடிந்ததும் இவர் பையிலிருந்து ஓர் இழை பஞ்சைப் பிய்த்து, அந்த இணைப்பின் மேல் மெல்ல இழுப்பார். ஒரு நூல் சிக்கினாலும் போச்சு. பட்டையைக் கழற்றி, அரத்தை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"விரலால தொட்டுப் பாத்தா போதாதா?" என்று கேட்டேன்.

"எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியாதுக்கா. சிமெண்டு தின்னுருச்சு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. "பெரிய சைட்டுல கைரேகை வைக்கிற மெஷின் இருக்கும்ல, அது என்னய ஆளே இல்லங்கும். டெய்லி சண்டை." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதற்கும் சிரிப்பு வருவதில்லை.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் இப்போது கேட்பதுமில்லை. முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று சொல்லி முன்கூட்டியே விலகியிருந்தேன். களைப்பு இல்லை, கண். கண் அழுத்த நோய். நேராகப் பார்ப்பது தெளிவாகத் தெரியும், பக்கங்கள் தெரியாது. செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள், அதுதான். அந்தக் குழல் வருடத்துக்கு வருடம் குறுகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று இருப்பது ஒரு தம்பி. ஊரின் இன்னொரு கோடியில், செங்காங்கில், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறான். நல்லவன். நல்லவன் என்பதுதான் தொல்லை. விஷயம் தெரிந்தால் மறுநாளே வேன் கொண்டுவந்துவிடுவான். "அக்கா, வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துடுங்க, ஸ்டோர் ரூம கிளியர் பண்ணித் தரேன்" என்று, எதுவும் தெரியாமலே மாதம் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு என் வீடு வேண்டும். எத்தனை எட்டு வைத்தால் அடுப்பு, எத்தனை எட்டில் சன்னல் என்று என் காலுக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். பார்வை போவதற்குள் வழுக்கும் பழைய தரையையும் உடைந்த மூலைகளையும் சரிசெய்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தம்பியிடம், குளியலறை ஒழுகுகிறது என்று சொன்னேன்.

இப்படித்தான் அவர் வந்தார். புதுக்கோட்டைப் பக்கம். நாற்பதைத் தாண்டியிருக்கும். என்னை 'அக்கா' என்றார். அவரை என்னவென்று கூப்பிடுவது என்பது எனக்குச் சிக்கலாக இருந்தது. தம்பி என்றால் எனக்கு ஒருவன்தான். அதனால் 'இந்தாங்க', 'இங்க பாருங்க' என்றே ஒன்பது நாளையும் ஓட்டினேன்.

ஐந்து நாளில் முடியும் என்றுதான் ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். ஒன்பது நாள் ஆனதற்குக் காரணம் மூலைகள். குளியலறையில் குழாயை மறைக்கக் கட்டிய பெட்டி ஒன்று உண்டு, இடுப்பளவு உயரம். அதன் மேல் முனையில் மூன்று பட்டைகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஒன்றை நேராக வெட்டி மற்றொன்றின் மேல் முட்டவைத்து, இடைவெளியில் வெள்ளைப் பசையைப் பிதுக்கிவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம். இவர் அப்படிச் செய்யமாட்டார். ஒவ்வொரு பட்டையையும் சாய்வாக வெட்டி முனையோடு முனை சேர்ப்பார். அந்தச் சாய்வையும் தொண்ணூறு டிகிரியில் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. ஒவ்வொரு மூலையிலும் மூலைமட்டத்தை வைத்து, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டுவார்.

"தொண்ணூறு இல்லக்கா."

"எது?"

"எதுவுமே. சிங்கப்பூருல பன்னண்டு வருஷமா பாக்குறேன், ஒரு வீட்டுலயும் தொண்ணூறு இல்ல. வெளிய பாத்தா நேரா இருக்கும்." ஏதோ எல்லா வீட்டு ரகசியமும் தனக்குத் தெரியும் என்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

பிறகு அரத்தை எடுத்து நாலு இழுப்பு. பட்டையை வைத்துப் பார்ப்பார், எடுப்பார், இன்னும் இரண்டு இழுப்பு. ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் கத்துவார். "ஓகே பாஸ், ஓகே பாஸ்" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் அராவுவார். அந்தச் சத்தம் எனக்கு முதல் இரண்டு நாள் பல்லைக் கூசவைத்தது. மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் ஓர் ஆள் இருக்கும் சத்தமாகிவிட்டது. மதியம் அவர் சாப்பிடப் போகும்போது அது நின்றுவிட்டால், நான் காரணமில்லாமல் வானொலியைப் போடுவேன்.

சாப்பாட்டை வாசலுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். உள்ளே மேசை இருக்கிறது என்று சொன்னேன். உடம்பெல்லாம் சிமெண்டு என்று மறுத்துவிட்டார். ஊரில் அவருக்குப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே மனைவியோடு வீடியோவில் பேசுவார். கதவு திறந்திருக்கும், எனக்கு எல்லாம் கேட்கும்.

"அந்த பாத்ரூம் மூலைய காட்டு."

"இப்பத்தானே காட்டுனேன்."

"கிட்டக்க காட்டு. இன்னும் கிட்டக்க. எவன்டி வச்சான் இந்த டிரிம்ம? விரல் போகும் போலருக்கே கேப்புல! பாப்பா கைய வைக்கும்டி."

"காலையிலேருந்து மூலைதான். மூஞ்சிய காட்டுன்னு ஒரு வார்த்தை வருதா?"

"சரி, காட்டு" என்றார். அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை. நான் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். பத்து வீட்டு மூலையைப் பஞ்சு சிக்காமல் செய்கிற மனிதனின் வீட்டில் யாரோ ஒருவன் கைக்கு வந்தபடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்காக எனக்கு வருத்தமாக இருந்தது. அதைவிட, என் முகத்தைக் காட்டச் சொல்ல யாருமில்லை என்பது அன்று கொஞ்சம் உறைத்தது.

இவ்வளவு ஏன் மெனக்கெடுகிறீர்கள், குளியலறையின் மூலையை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பாக்குறதுக்கு இல்லக்கா. தொடுறதுக்கு. கை தடுக்கக் கூடாது."

"யாரு வந்து சுவரத் தடவிக்கிட்டு நிக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். என் முழங்கையில், பழைய மூலை ஒன்றில் மோதிக் கன்றிய நீலம் இன்னும் போகாமல் இருந்தது. மறுநாள் நான் தேர்ந்தெடுத்த சதுர முனைப் பட்டைக்குப் பதிலாக உருண்டை முனைப் பட்டை வந்து இறங்கியது. கடையில் இதுதான் இருந்தது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், காது சிவந்துவிட்டது. சதுரம்தான் அழகு என்று அரைமணி நேரம் நான் வாதாடினேன். அவர் உருண்டையையே பதித்தார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேக்கா உணவங்காடியில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நேரெதிரே ஒரு தூண். அதன் மூலையில் ஒருவர் பஞ்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவரேதான். இஸ்திரி போட்ட சட்டை, அதன் பையிலும் பஞ்சு. கூட வந்தவர்கள், "லீவு நாள்லயுமாடா? வாடா, பரோட்டா ஆறுது!" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில், "நேத்து தேக்காவுல பாத்தேன்க்கா. நீங்க போறப்ப பக்கத்துலயே நின்னு கைய ஆட்டுனேன்" என்றார்.

"போறவங்க வரவங்க எல்லாரையும் பாத்துக்கிட்டு நடக்குற பழக்கம் எனக்கு இல்ல" என்றேன், வெடுக்கென்று.

அன்றிலிருந்து அவர் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். எதைக் கேட்பதானாலும் நடந்து வந்து எனக்கு நேரே நின்று, நான் பார்த்த பிறகுதான் பேசுவார். வாளியையோ மூட்டையையோ வழியில் வைத்தால், "அக்கா, இடது பக்கம் வாளி" என்று சும்மா சொல்வதுபோல் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்ன, மூஞ்சிக்கு நேரே வந்து நிற்கிறார், மரியாதை தெரியாத ஆளாக இருக்கிறாரே என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாகச் சோதித்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் படிவங்களில் பிழை பிடித்தே பழகிய கண். நேராகப் பார்க்கும் வரைக்கும் அதற்கு ஒரு குறையுமில்லை. எல்லா இணைப்பும் எண்ணெய் தடவியதுபோல் இருந்தது, ஒன்றைத் தவிர.

சமையலறையில் ஒரே மாதிரி மூன்று மூலைகள். மூன்றாவது மூலையைத் தாண்டினால் குளியலறை, அங்கே ஒரு படி கீழே இறங்க வேண்டும். அந்த மூன்றாவது மூலையில், தரையிலிருந்து மேல் வரைக்கும் ஒரே பட்டையாகப் போக வேண்டிய இடத்தில், இடுப்பு உயரத்தில் இரண்டு துண்டுகளைச் சேர்த்திருந்தார். சேர்த்த இடம் ஓர் அரிசிமணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. பட்டை தீர்ந்துபோய் மிச்சத் துண்டை ஒட்டி ஏமாற்றிவிட்டார் என்று தோன்றியது. ஒன்பது நாள் பஞ்சு காட்டிய மனிதர் கடைசியில் இதைச் செய்துவிட்டாரே என்று இருந்தது. படம் எடுத்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினேன், கூடவே நாலு வரி எழுதினேன். எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருக்கு விடுப்பு நாளான அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கருவிப் பையோடு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. மூலையின் முன்னால் உட்கார்ந்து, ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"அப்படியே இருக்கட்டுமேக்கா?"

"எப்படி இருக்கட்டும்? மத்ததெல்லாம் எவ்வளவு நல்லா இருக்கு. இது மட்டும் பல்லு நீட்டிக்கிட்டு நிக்குது."

"சரிக்கா."

ஓரத்து டைல்ஸ்களை உடையாமல் பெயர்த்து, துண்டுகளை எடுத்து, ஒரே நீளப் பட்டையை வைத்து மறுபடி பதித்தார். நாள் முழுக்க ஆனது. நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்காணித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. முடித்ததும் பஞ்சை எடுத்து மேலிருந்து கீழே இழுத்தார், சிக்கவில்லை. பஞ்சை என்னிடம் நீட்டினார். நானும் இழுத்துப் பார்த்தேன். "இப்பதான் சரி" என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி வந்து, எனக்கு நேரே நின்றார்.

"அக்கா, அந்த எடத்துல ஒரு பிளாஸ்டராவது ஒட்டி வச்சுக்குங்க. பக்கத்துல படி இருக்கு."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உருண்டை முனை, எதிரே வந்து நின்றது, இடது பக்கம் வாளி, எல்லாம். உடன்பிறந்தவனுக்குத் தெரியாததை ஒன்பது நாள் வந்த ஆள் கண்டுபிடித்துவிட்டார். பஞ்சு சிக்கினால் உயிரே போகிற மனிதர், படி வருகிறது என்று எனக்குத் தெரிய, அந்த ஓர் இடத்தில் மட்டும் கை தடுக்கட்டும் என்று விட்டிருக்கிறார். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. பயம் வந்தால் நான் கத்துவேன்.

"எனக்கு எதுக்கு பிளாஸ்டர்? எனக்கு என்ன கொறச்சல்?"

"இல்லக்கா, சும்மா சொன்னேன்," என்றார். கதவைச் சாத்தினேன். அவர் கொடுத்த பஞ்சு என் கையிலேயே இருந்தது.

இரண்டு வருடம் ஓடியது. குழல் குறுகிக்கொண்டே வந்தது. அவர் வைத்த மூலைகளைத் தடவிக்கொண்டுதான் வீட்டில் நடமாடினேன். ஒன்றிலும் கை தடுக்கவில்லை. மூன்றும் ஒன்றுபோல இருந்ததால் எண்ணிக்கொண்டே போவேன். ஒருநாள் காலை, தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது, பேசிக்கொண்டே நடந்ததில் எண்ணிக்கை தவறிவிட்டது. இரண்டாவது மூலை என்று நினைத்துக் காலை வைத்தேன், படியில் விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. பேருந்து திடீரென்று நின்றதில் விழுந்தேன் என்று தம்பியிடம் சொன்னேன். பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தேன். சமையலறை ஈரத்தில் மூன்றே நாளில் கழன்று விழுந்தது.

கடைசியில், குளியலறைத் தரையில் டைல்ஸ் இடைப்பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று சாக்குச் சொல்லி ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். பழைய ஆளையே அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"யாரு? பஞ்சு வச்சிருப்பாரே, அவரா? அவரு அப்பவே வொர்க் பெர்மிட் முடிச்சு ஊருக்குப் போயிட்டாரு லா. எத்தன பேரு வராங்க போறாங்க," என்றார்.

வேறொருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், வேகமான ஆள். சாமான் ஏற்றி இறக்க வாசல் கதவு திறந்திருந்தது. தரை வேலை முடிந்ததும் அவரை மூன்றாவது மூலைக்குக் கூட்டிப்போனேன். இந்த இடத்தில் பட்டை மேல் கொஞ்சம் கெட்டிப் பசையை மேடாக வையுங்கள், ஒரு பயறு அளவுக்கு இருந்தால் போதும் என்றேன்.

"என்ன மேடம், கண்ணாடி மாதிரி வச்சிருக்காங்க. இது மேல போயி அசிங்கம் பண்ணச் சொல்றீங்க?"

"பரவால்ல, வைங்க."

"வேணாம் மேடம். நாளைக்கு போட்டோ எடுத்து பாஸுக்கு அனுப்பிடுவாங்க. முன்னாடி ஒரு அண்ணன் இருந்தாராம். பன்னண்டு வருஷம் ஒரு குத்தம் சொன்னதில்லயாம். யாரோ ஒரு கஸ்டமரு போட்டோ அனுப்பி, அத வேலையாளுங்க குரூப்புல போட்டு எல்லாரும் பாக்க திட்டுனாங்களாம். அவரு ஏன்னு ஒரு வார்த்த சொல்லலயாம். புதுசா யாரு வந்தாலும் எங்களுக்கு இந்தக் கதையத்தான் மொதல்ல சொல்லுவாங்க."

ஏனென்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த அக்காவுக்குக் கண் தெரியாது, அதனால்தான் வைத்தேன் என்று சொல்லியிருந்தால் திட்டு நின்றிருக்கும். என் ரகசியத்துக்காகத் திட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"அந்த கஸ்டமர் நான்தான்ப்பா" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியல. பக்கமெல்லாம் இருட்டு. இந்த எடத்துல இருந்த மேடு தப்பு இல்ல, எனக்கு அடையாளத்துக்கு வச்சாரு. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

என் இடது பக்கத்திலிருந்து, எனக்கு இருட்டாக இருக்கும் இடத்திலிருந்து, வேறொரு குரல் வந்தது.

"எப்பலேருந்து அக்கா?"

தம்பி. முழங்காலுக்குத் தைலம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான், சாயங்காலம்தான் வருவான் என்று நினைத்திருந்தேன். திறந்த கதவு வழியாக வந்து எவ்வளவு நேரமாக நின்றானோ. நான் திரும்பவில்லை.

"அஞ்சு வருஷமா."

"அஞ்சு வருஷம்... நான் மாசா மாசம் வரேன் லா. பக்கத்துலதானே உக்காருறேன்."

"பக்கத்துல உக்காந்தா எனக்குத் தெரியாதுடா."

இனி வேன்தான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அடுப்புவரை எத்தனை எட்டு என்று மனம் தானாக எண்ண ஆரம்பித்தது. டைல்ஸ் வேலைக்கு வந்த ஆள்தான், "எந்த ஒயரத்துல வைக்கணும் மேடம்?" என்று கேட்டார். நடப்பதுபோலவே இரண்டு எட்டு வைத்து, கை பட்ட இடத்தைக் காட்டினேன். பழைய இடமேதான்.

தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "பிரதர், இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க. அக்கா கைக்கு நல்லா தெரியணும்" என்றான்.

பசை காய்ந்ததும் அலமாரியிலிருந்து அந்தப் பழைய பஞ்சை எடுத்து வந்தேன். மேலிருந்து கீழே இழுத்தேன். இடுப்பு உயரத்தில் சிக்கி நின்றது. அவர் வைத்த அரிசிமணிக்கு இது பக்கத்தில் வராது, கட்டி தட்டிய பசை. ஆனாலும் தடுத்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

தம்பி சுற்றி வந்து எனக்கு நேரே நின்றான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தை முழுதாகப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது.

"அவருக்கு ஒரு கால் பண்ணி பேசலாம்க்கா. ஊருல எப்படியாவது தேடிப் பாத்துடலாம். அவரு பேரு என்ன?"

"நான் கேக்கவே இல்லடா," என்றேன்.